பவள் வந்த வழி

குல்லூர்சந்தை முகாமில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டேன். எங்கள் வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து விருதுநகர்ப் பக்கம் போனால் வருகிற ஊர். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கிற முகாம் அங்கே உண்டு. நான் போனது வேறு வேலைக்கு. இந்தப் பக்கத்து ஆட்கள் கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த காலத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு அப்படியே நகர்ந்து 1980களுக்கு வந்துவிட்டது. பெரியவருக்குச் சொந்த ஊர் பருத்தித்துறைப் பக்கம். 1990இல் படகேறி வந்தவர்.

"பவள் வருகுதெண்டு ஒரு பொடியன் கத்தினாக் காணும் தம்பி, சந்தி முழுக்க வெறிச்சுப் போயிடும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பவளம் மாதிரி ஏதோ ஒன்றா என்று கேட்டேன். சிரித்தார்.

"அது ஆமியின்ர வாகனம். நல்ல உயரம். அடிப்பக்கம் வள்ளம் மாதிரிக் கூராயிருக்கும். கண்ணிவெடிக்கு மேல ஏறினாலும் உள்ள இருக்கிறவன் தப்பிடுவான்."

வீட்டுக்கு வந்து தேடினேன். ஈழத்து எழுத்துகளில் 'பவள் கவச வாகனம்' என்று நிறைய இடத்தில் வருகிறது, சிலர் 'பவல்' என்றும் எழுதுகிறார்கள். மூலச் சொல் 'பஃபெல்'. தென்னாப்பிரிக்க வெள்ளையர் பேசுகிற ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அதற்குக் காட்டெருமை என்று பொருள். கேப் டவுன் பக்கத்து எருமை பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்து, வாய்க்கு வாய் தேய்ந்து பவள் ஆகியிருக்கிறது.

சொல் வந்த வழி புரிந்துவிட்டது. வண்டி எப்படி வந்தது? அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவோடு ஆயுத வியாபாரமே கூடாது என்று உலகமே சேர்ந்து தடை போட்டிருந்ததே?

இதைத் தோண்ட எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சின்ன மாமா மகன் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறான். அந்தப் பட்டறையில் செய்கிற வேலை, சாதாரண காருக்குள்ளே குண்டு துளைக்காத தகடு வைத்து மூடுவது. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வான். அவன் செய்கிற வண்டிக்கும் பெரியவர் பார்த்து ஓடிய வண்டிக்கும் ஏதாவது உறவு இருக்குமா என்கிற கேள்வி எனக்குள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் ஊர் ஊராகச் சுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஊர் ஜெர்மனி. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடே இடிபாடாகக் கிடந்த நேரம். ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்ற பொறியாளர் விவசாயத்துக்கென்று ஒரு வண்டி வரைந்தார். நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும். பின்னாலும் முன்னாலும் கருவிகளை மாட்டலாம். வயலில் உழுதுவிட்டு அதே வண்டியில் சரக்கேற்றிச் சந்தைக்கும் போகலாம். பெயர் யுனிமாக். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி 1,270 மில்லிமீட்டர். ஏன் அந்த அளவு என்றால், அங்கே உருளைக்கிழங்கு நடுகிற இரண்டு பார்களின் அகலம் அது. 1951இல் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் அதைத் தன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. பிறந்தது காட்டு வேலைக்குத்தான், ஆனால் மேடு பள்ளம் பார்க்காமல் ஏறுகிற வண்டியை எந்த ராணுவம் சும்மா விடும்? 1950களிலேயே ராணுவத்துக்கென்று தனி வகை வந்துவிட்டது.

அடுத்த ஊர் தென்னாப்பிரிக்கா. 1970களில் அந்நாட்டு ராணுவம் நமீபியா, அங்கோலா எல்லையில் சண்டையில் இருந்தது. செம்மண் பாதைகளில் புதைத்து வைத்த கண்ணிவெடிகளில் வண்டி வண்டியாக ஆட்கள் செத்தார்கள். அதற்குக் கண்டுபிடித்த வழி, வண்டியின் அடிப்பாகத்தை வள்ளம் மாதிரிக் கூராகச் செய்வது. தட்டையான அடிப்பாகம் வெடியின் முழு வேகத்தையும் வாங்கும். கூராக இருந்தால் வெடி இரண்டு பக்கமும் சறுக்கி வெளியே போகும். ஆட்கள் உயரத்தில், பெல்ட் போட்டு உட்கார வேண்டும். ஓட்டுநருக்கு இடது பக்கம் தனிக்கூண்டு, பின்னால் பத்துப் பேருக்கு இருக்கை. பெரியவர் ஒரே வரியில் சொன்ன 'வள்ளம்' இதுதான். இந்தக் கவச உடலை எதன் மேல் ஏற்றினார்கள்? யுனிமாக் சேஸிஸ் மேல்.

1978 வாக்கில் பஃபெல் படைக்கு வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1977 நவம்பர் 4ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு அவை 418ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. நிறவெறி அரசுக்கு ஆயுதம், தோட்டா, ராணுவ வண்டி, துணைப்படைக் கருவி, உதிரிபாகம் எதுவும் எந்த நாடும் தரக் கூடாது. உறுப்பு நாடு ஒன்றின் மேல் ஐ.நா. போட்ட முதல் கட்டாய ஆயுதத் தடை அது. அப்படியிருந்தும் யுனிமாக் போனது. காரணம், தீர்மானத்தில் இருந்தது 'ராணுவ வண்டி' என்ற சொல். யுனிமாக்கோ விவசாயத்துக்கும், தீயணைப்புக்கும், சாலை வேலைக்கும் விற்கிற வண்டி. ராணுவச் சிறப்புக் கருவிகள் பொருத்தாத யுனிமாக் சிவில் வண்டிதான், அதற்குத் தடை பொருந்தாது என்று மேற்கு ஜெர்மனியில் வாதம் நின்றது. நிறவெறி எதிர்ப்பு இயக்கங்கள் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் வரைக்கும் போய்ச் சத்தம் போட்டன. வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிற இடம். கப்பலில் ஏறும்போது அது உண்மையிலேயே சிவில் வண்டிதான். தகடும் இல்லை, துப்பாக்கி மாட்டுகிற தாங்கியும் இல்லை. இறங்கின இடத்தில்தான் எருமை ஆனது. ஏற்றுமதிச் சட்டம் பார்ப்பது துறைமுகத்தில் நிற்கிற பொருளை. அந்தப் பொருள் நாளைக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்க அதற்கு வேறு கண் வேண்டும்.

அந்தக் கண் வர ஒன்பது வருஷம் ஆனது. 1986 நவம்பர் 28இல் வந்த 591ஆம் தீர்மானம், ராணுவத்துக்கோ போலீசுக்கோ போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், ராணுவ வேலைக்கு உதவக்கூடிய பொருளையும் அனுப்பாதீர்கள் என்று சொன்னது. பட்டியலில் விமானம், விமான என்ஜின், மின்னணுக் கருவி, கணினி, அதோடு நாலு சக்கர இழுவை வண்டியும் பெயர் சொல்லியே இருந்தது. இந்த ஒரு வகை எப்படி அந்தப் பட்டியலுக்குள் வந்திருக்கும் என்று யோசித்தால் யுனிமாக்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் ஆயிரக்கணக்கில் பஃபெல் ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு, தென்னாப்பிரிக்கா சாமில் என்ற தன் லாரிச் சேஸிஸிலேயே அதைக் கட்டவும் கற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது பெரியவரின் ஊருக்கு வருவோம்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ராணுவ ரோந்து வண்டிகளுக்குப் புலிகள் கண்ணிவெடி வைத்தார்கள். 13 சிப்பாய்கள் செத்தார்கள். அதைத் தொடர்ந்து கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு ஜூலை என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சம்பவத்துக்கு ராணுவத் தளவாட வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அன்று போனது ஒரு ஜீப்பும் ஒரு லாரியும். அடிப்பாகம் தட்டை. அதற்குப் பிறகு வடக்கில் கண்ணிவெடி அன்றாடமானது, இலங்கை ராணுவத்துக்கு அதைத் தாங்குகிற வண்டி தேவைப்பட்டது. மேற்கு நாடுகள் பல அப்போது இலங்கைக்கு ஆயுதம் விற்கத் தயங்கின. கண்ணிவெடி வண்டியில் அனுபவப்பட்ட ஒரே கடை, ஐ.நா. தடையில் இருந்த கடை.

அந்தத் தடையின் எழுத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 418, தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்காதே என்கிறது. தென்னாப்பிரிக்காவிடம் ஆயுதம் வாங்காதே என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 1984 டிசம்பர் 13இல் 558ஆம் தீர்மானம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் செய்த ஆயுதம், தோட்டா, ராணுவ வண்டி எதையும் இறக்குமதி செய்யாதிருக்கும்படி எல்லா நாடுகளையும் அது 'கேட்டுக்கொண்டது'. கேட்டுக்கொள்வது வேறு, கட்டளையிடுவது வேறு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். 1980களின் நடுவில் பஃபெல் வண்டிகள் இலங்கைக்கு வந்தன. அதைப் பார்த்து இலங்கை ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவே 'யூனிகோர்ன்' என்று ஒரு வண்டியைக் கட்டத் தொடங்கியது. பிறகு அதன் அடுத்த தலைமுறைக்கு 'யூனிபஃபெல்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பட்டறையிலேயே கட்டுகிற வண்டிக்கு எந்த ஏற்றுமதி உரிமம் வேண்டும்?

எதிர்த்தரப்பும் இதே பாடத்தைப் படித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைப் புலிகள் முற்றுகையிட்டபோது, மண் தள்ளுகிற புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கி முன்னால் ஓட்டினார்கள். காமினி குலரத்ன என்ற சிப்பாய் அதன் மேல் ஏறி, தானும் செத்து அதை நிறுத்தினார். அந்தப் புல்டோசரை இப்போது ஆனையிறவில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். ரோடு போடுகிற யந்திரம் ஒரு பக்கம், உருளைக்கிழங்கு வண்டியின் வம்சம் இன்னொரு பக்கம். நடுவில் பெரியவர் மாதிரி ஆட்கள் சந்தியைக் காலி பண்ணிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

சரி, இன்றைக்குச் சட்டம் கோட்டை எங்கே போடுகிறது?

பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாடுகள் கோகோம் என்ற பெயரில் ஒரு கட்டுப்பாட்டுக் குழு வைத்திருந்தன. சோவியத் உடைந்த பிறகு 1994இல் அது கலைந்தது. 1996இல் வாசனார் ஏற்பாடு என்ற பெயரில் புதியது ஒன்று வியன்னாவில் செயலுக்கு வந்தது. எந்தெந்தப் பொருளுக்கு உரிமம் கேட்க வேண்டும் என்று உறுப்பு நாடுகள் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் பாடு. படைக்கலப் பட்டியலில் ஆறாவது இனம் தரை வண்டி. ராணுவத்துக்கென்றே செய்த வண்டி அதில் வருவது இயல்பு. சுவாரசியம் அதற்கு அடுத்த பிரிவில் இருக்கிறது, அதாவது ராணுவத்துக்கென்று செய்யாத வண்டி. நாலு விஷயமும் சேர்ந்திருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும். கவசம் ரைபிள் குண்டைத் தாங்க வேண்டும். கைத்துப்பாக்கிக் குண்டை மட்டும் தாங்குவது போதாது. அமெரிக்க நீதித்துறையின் ஓர் ஆய்வு நிறுவனம் 1985இல் வகுத்த மூன்றாம் நிலை, 7.62 மி.மீ. குண்டு, அதுதான் அளவுகோல். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இழுவை போக வேண்டும். சுமையோடு அனுமதித்த மொத்த எடை 4,500 கிலோவைத் தாண்ட வேண்டும். சாலை இல்லாத இடத்தில் ஓடும்படி செய்ததாகவோ மாற்றியதாகவோ இருக்க வேண்டும்.

இந்த நாலையும் படித்தபோது எனக்கு யுனிமாக்தான் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு வழுக்கிப் போன மாதிரியான வண்டிக்கு இன்றைக்கு அளவெடுத்துச் சட்டை தைத்திருக்கிறார்கள். ஆனாலும் சேஸிஸ் மட்டும் தனியாகப் போனால்? அதில் கவசம் இல்லை. இந்தப் பிரிவு அதைத் தொடாது. போகிற இடத்தில் தடை இருந்தால் அதற்கென்று தனி விதி வேண்டும்.

எடைக் கணக்கிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரிய எஸ்யூவி ஒன்று கம்பெனியிலிருந்து வரும்போது இந்த 4,500 கிலோவுக்குக் கீழேதான் இருக்கும். தகடும் கண்ணாடியும் ஏற ஏற எடை கூடும், அதைத் தாங்க ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். கவசமே வண்டியைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிடலாம்.

விலக்குகளும் உண்டு. பணமோ விலைமதிப்புள்ள பொருளோ கொண்டுபோவதற்குச் செய்த சிவில் வண்டிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதாவது, அருப்புக்கோட்டை பஜாரில் ஏடிஎம் வாசலில் துப்பாக்கிக் காவலாளியோடு நிற்கிற வண்டி, எவ்வளவு தகடு அடித்திருந்தாலும் ஆயுதம் ஆகாது. (அந்த வண்டிகளுக்கு நம் நாட்டில் 2018இல் உள்துறை போட்ட தனி விதிகள் இருக்கின்றன. கிராமப்புறத்தில் மாலை 6 மணிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் போடக் கூடாது என்பது அதில் ஒன்று. நம்ம பக்கத்தில் ராத்திரி ஏடிஎம் காலியாக இருந்தால் யாரைத் திட்டுவது என்று இனிமேல் தெரியும்.) 1946க்கு முன்னால் செய்த பழைய வண்டிகளுக்கும், ஆயுதம் இல்லாமல் இருந்தால், விலக்கு உண்டு. பழைய வண்டி சேர்க்கிறவர்களுக்காக.

சுங்கத்துறையின் கணக்கு இன்னும் வேறு. உலகச் சுங்கக் குறியீட்டில் டாங்கிக்கும் கவசப் போர் வண்டிக்கும் 8710 என்று தலைப்பு. சாதாரண வடிவக் காருக்கோ லாரிக்கோ லேசாகக் கவசம் போட்டிருந்தால் அது 8710 இல்லை, காருக்கும் லாரிக்கும் உரிய தலைப்பிலேயே வரும் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆக, வரி கட்டுகிற மேசையில் கார், உரிமம் கேட்கிற மேசையில் படைக்கலம் என்று ஒரே வண்டி இரண்டு முகத்தோடு நிற்கலாம். 2014இல் அமலுக்கு வந்த ஆயுத வர்த்தக ஒப்பந்தமும் கவசப் 'போர்' வண்டியை மட்டும்தான் பெயர் சொல்கிறது.

இந்தியா இந்த விளையாட்டுக்குத் தாமதமாக வந்த நாடு. ஸ்கோமெட் என்ற நம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அணு, வேதி, உயிரி, ஏவுகணைச் சமாச்சாரங்கள் எல்லாம் இருந்தும், ஆறாம் இனம் மட்டும் பல வருஷம் காலியாகவே கிடந்தது. ராணுவத் தளவாடம் அனுப்பப் பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்குவது என்று தனி நடைமுறை ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் அந்தக் காலி இடத்தில் படைக்கலப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாசனார் பட்டியலின் அதே வரிசை, தரை வண்டிக்கு 6ஏ006. அதே வருஷம் டிசம்பரில் இந்தியா வாசனாரில் 42ஆவது உறுப்பினர் ஆனது. இனத்தைப் பார்த்தாலே ஏன் அவசரம் என்று புரிந்துவிடும், உள்ளே சேர வேண்டுமென்றால் பட்டியல் கையில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவும் இன்று அதில் உறுப்பினர். அதன் மேல் இருந்த தடை 1994 மே மாதம் நீங்கியது.

இப்போது ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் நாலு சக்கர இழுவை வண்டிக்கு ரைபிள் குண்டு தாங்குகிற கவசம் போட்டு ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு அனுப்ப வேண்டுமென்றால், பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம் மனுப் போட வேண்டும். மனுவோடு முக்கியமாக வைக்க வேண்டியது இறுதிப் பயனர் சான்று. யார் வாங்குகிறார்கள், எதற்கு, வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று வாங்குகிறவர் எழுதிக் கொடுக்கிற காகிதம். நாலு நிபந்தனை, எடை, குண்டு அளவு எல்லாம் பொருளைப் பற்றியது. ஆளைப் பற்றியது இந்த ஒரு காகிதம்தான். மொத்த ஏற்பாடும் கடைசியில் இதன் மேல்தான் நிற்கிறது.

இங்கேதான் என் மாமா மகன் வருகிறான்.

அவன் சொன்ன வேலை முறை இது. புது வண்டி, பெரும்பாலும் லேண்ட் குரூசர், பட்டறைக்கு வரும். சீட்டு, கார்பெட், டாஷ்போர்டு, கதவுத் துணி எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்கிவிடுவார்கள். உள்பக்கமாக ஸ்டீல் தகட்டை அளவாக வெட்டி வைத்து வெல்டிங். கதவு இடுக்கில் குண்டு நுழையாதபடி ஒரு தகட்டின் மேல் இன்னொன்று ஏறி நிற்க வேண்டும். கதவின் கனம் தாங்காமல் கீல் தொங்கிவிடும், அதனால் கீலையே மாற்றிவிடுவார்கள். கண்ணாடி விரல் நீளக் கனம் இருக்கும். காற்று இறங்கினாலும் ஓடுகிற டயர். எல்லாம் முடிந்து சீட்டையும் கார்பெட்டையும் திரும்ப மாட்டினால் வெளியே பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. அதுதான் வேலை சுத்தம்.

"இந்த வண்டியெல்லாம் எங்கடா போகுது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது ஆபீஸ்காரங்களுக்குத்தான் தெரியும்ணே. எங்களுக்கு நம்பர்தான். சில வண்டி வெள்ளை, மேல ஆன்டெனா குத்த ஓட்டை போடச் சொல்வாங்க. அது ஐ.நா.ன்னு பேசிக்குவோம். சில வண்டிக்குக் கூரையில வட்டமா வெட்டச் சொல்வாங்க. அது எதுக்குன்னு கேக்கமாட்டோம்."

கூரையில் வட்டம் என்றால் ஆள் எழுந்து நிற்கிற இடம். அந்த ஓட்டைக்கு அப்புறம் அது யாருடைய வண்டி?

ஐக்கிய அரபு அமீரகம் வாசனாரில் உறுப்பினர் இல்லை. ஆனால் 2007இல் 13ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் போட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானில் செய்த கார், வேறு நாட்டு ஸ்டீல், நம்மூர் வெல்டர், கனடாக்காரரோ பிரிட்டன்காரரோ முதலாளி, வாங்குகிறவர் ஆப்பிரிக்காவில். இந்த வண்டிக்கு யார் உரிமம் கொடுப்பது? பதில் எளிதாக இல்லை என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஸ்டிரைட் என்ற கவச வண்டிக் குழுமத்துக்கு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பெரிய தொழிற்சாலை உண்டு. அமெரிக்கக் கிளையும் உண்டு. கவச எஸ்யூவிகளை உரிமம் இல்லாமல் ஏற்றுமதியும் மறு ஏற்றுமதியும் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில், 2015இல் அமெரிக்க வணிகத்துறையோடு 35 லட்சம் டாலர் அபராதத்துக்கு அவர்கள் உடன்பட வேண்டியிருந்தது. மறு ஏற்றுமதி என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு தடவை கிளம்பிய வண்டி, அமீரகத்தில் நின்றுவிட்டு மூன்றாவது நாட்டுக்குப் போனாலும் அமெரிக்கச் சட்டம் அதன் பின்னாலேயே போகிறது. 1977இல் யுனிமாக் பின்னால் அப்படி யாரும் போகவில்லை. 2011இல் 1970ஆம் தீர்மானத்தால் ஆயுதத் தடைக்கு உள்ளான லிபியாவில் காணப்பட்ட கவச வண்டிகளைப் பற்றிய ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைகளிலும் இதே குழுமத்தின் பெயர் வந்தது. துப்பாக்கி இல்லாமல் போன வண்டிதானே என்பது அந்த மாதிரி விவகாரங்களில் எப்போதும் வருகிற வாதம். பழைய யுனிமாக் வாதத்தின் பேரப்பிள்ளை அது.

கவச வண்டியே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். சண்டை நடக்கிற ஊருக்கு மருத்துவரும் செய்தியாளரும் எதில் போவார்கள்? லிபியாத் தடையிலேயே மனிதாபிமானப் பணிக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் பயன்படுகிற, உயிர்க்கொல்லி அல்லாத கருவிகளை அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள். உரிமம் தாமதமானால் அந்த ஆட்கள் சாதாரண வண்டியில்தான் போவார்கள். அதற்காக ஏற்றுமதியாளர் சங்கங்கள் சொல்கிற மாதிரி எடையையும் கவச அளவையும் தளர்த்திக்கொண்டே போனால் காரியம் ஆகாது. எண்ணைக் கூட்டிக் குறைப்பதில் என்ன இருக்கிறது? யுனிமாக் எந்த எண்ணிலும் மாட்டியிருக்காது. என் கணக்கில், இறுதிப் பயனர் சான்று எழுதிக் கொடுத்த பிறகு, ஒரு வருஷம் கழித்து அந்த வண்டி அங்கேதான் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிற ஆள் வேண்டும். கொடுக்கிற நாடுகள் பெரும்பாலும் காகிதத்தைக் கோப்பில் வைப்பதோடு சரி. பார்க்கப் போவதற்குச் செலவு ஆகும், வாங்கியவர் கோபித்துக்கொள்வார், அடுத்த ஆர்டர் போய்விடும்.

போன மாதம் குல்லூர்சந்தைக்கு மறுபடியும் போனேன். இரண்டு படம் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஒன்று பஃபெல். பெரியவர் கண்ணாடியை மாட்டி அதை ஒரு நொடிதான் பார்த்தார்.

"இதுதான். ஓம், இதுதான்" என்று மடக்கி என்னிடமே தந்துவிட்டார்.

இன்னொன்று பழைய யுனிமாக், ஜெர்மனியில் ஒரு வயலில் நிற்கிறது. பவளின் தாத்தா இதுதான் ஐயா, உருளைக்கிழங்கு வயலுக்குச் செய்தது என்று சொன்னேன். அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இது உழவு மெசினோ?"

"ஆமாங்கய்யா."

"எத்தனை குதிரைவலு?"

முதலில் வந்தது 25 என்றேன்.

"எங்கட மசி இதைவிடக் கூட. உருளைக்கிழங்கு நாங்களும் போட்டனாங்கள்" என்றார். அப்புறம் மசி ஃபெர்குசனை எப்படி வாங்கினார், முதல் தவணைக்கு மனைவியின் சங்கிலியை எங்கே அடகு வைத்தார், படகேறுகிற அன்றைக்கு அதன் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தார் என்று பேச்சு இருட்டுகிற வரைக்கும் போனது. யுனிமாக் படத்தை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.